முதல் இரண்டரை வினாடி

கிள்ளான்–பந்திங் சாலையோரத்து மோட்டார் பட்டறை ஏதாவதொன்றில் சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எந்த எக்சோஸ் நல்லது, பிளாக்கை எத்தனை சிசிக்கு ஏற்றலாம், யாருடைய ஒய்15 யாருடைய ஆர்எஸ்150-ஐ எத்தனை மோட்டார் நீளத்தில் அடித்தது. இந்த மூன்றைத் தாண்டி நான்காவது பேச்சு காதில் விழாது. தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் இதில் வியப்பில்லை. ஒரு பக்கம் தடையற்ற வாணிப வட்டாரத்தின் தொழிற்சாலைகள்; இன்னொரு பக்கம், பாலம் தாண்டினால் கேரித்தீவின் செம்பனைத் தோட்டங்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் பசார் மாலாமில் காய் வாங்குவதும் காப்சாய் என்ற சிறு மோட்டாரில்தான். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று வாசலில் இரண்டு நிற்கும் வீடுகள் ஏராளம்.

அந்த இரண்டையும் வார இறுதியில் ஒரு முறையான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, விளக்கு பச்சையானதும் முறுக்கினால் யார் முந்துவார்? பட்டறையில் கேட்டால், குதிரைசக்தி யாரிடம் அதிகமோ அவர் என்பார்கள். இயற்பியலைக் கேட்டால் பல சமயம் மனைவி என்று பதில் வரும். வீட்டு அரசியலுக்காகச் சொல்லும் பதில் அல்ல அது. கணக்கு அப்படித்தான் விழுகிறது.

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். இருவர், நேர்க்கோடு, நின்ற நிலையிலிருந்து தொடக்கம். அமெரிக்காவில் கால் மைல், அதாவது 402 மீட்டர் என்பது பழைய அளவு. அதில் பாதியான 201 மீட்டர்தான் காப்சாய்க்காரர்களுக்குப் பிடித்த தூரம். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதன் முக்கிய நோக்கமே, தெருவில் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை ஓடுதளத்துக்குள் கொண்டுவருவதுதான். எழுபது ஆண்டு கடந்தும் அதே வேலை நம்மூரில் இன்னும் பாக்கி இருக்கிறது.

கணக்குக்கு ஒரு மோட்டார் வேண்டும். யமஹா ஒய்15இசட்ஆரை எடுத்துக்கொள்வோம். 149.8 சிசி, 11.3 கிலோவாட், சுமார் 15 குதிரைசக்தி. மாற்றம் எதுவும் செய்யாத இந்த மோட்டார் சராசரி ஆளைச் சுமந்துகொண்டு 201 மீட்டரை ஏறத்தாழ 10 வினாடியில் கடக்கும். கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 105 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். சரி, இந்தப் பத்து வினாடி எங்கே செலவாகிறது?

பாதித் தூரத்துக்குப் பாதி நேரம் என்று நினைத்தால் ஏமாந்தோம். முதல் 100 மீட்டர் ஏறத்தாழ 6.3 வினாடியை விழுங்கிவிடும். அடுத்த 100 மீட்டருக்கு 3.7 வினாடி போதும். இன்னும் நெருங்கிப் பாருங்கள். ஓடுதளக்காரர்கள் '60 அடி நேரம்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். முதல் 18 மீட்டருக்கு ஆகும் நேரம் அது. மொத்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த 18 மீட்டரில் சுமார் இரண்டரை வினாடி, அதாவது மொத்த நேரத்தில் கால் பங்கு, போய்விடுகிறது. கடைசி 18 மீட்டரோ 0.6 வினாடியில் முடிந்துவிடும். கடைசிப் பகுதியில் 10 விழுக்காடு முன்னேற்றம் என்றால் 0.06 வினாடி லாபம். தொடக்கத்தில் அதே 10 விழுக்காடு 0.25 வினாடியைக் கொடுக்கும். பட்டறைப் பேச்சு முழுவதும் 'டாப் ஸ்பீட்' பற்றியே இருக்கிறது; பந்தயமோ மோட்டார் ஊர்ந்து நகரும் நேரத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இப்போது குதிரைசக்திக்கு வருவோம். ரோஜர் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க வாகன எழுத்தாளர் பல கார்களின் ஓட்டங்களை அலசி ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்: கால் மைல் முடிவில் எட்டும் வேகம் என்பது சக்தியை எடையால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. அதையே நேரத்துக்குத் திருப்பினால், நேரம் என்பது எடையைச் சக்தியால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. இது ஏன் இப்படி வருகிறது என்பதை ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்ற இயற்பியலாளர் 1973-இல் அமெரிக்க இயற்பியல் இதழில் விளக்கினார். விளக்கம் கடினமில்லை. எஞ்சினால் ஒவ்வொரு வினாடியும் ஒரே அளவு ஆற்றலைத்தான் தர முடியும். வேகத்துக்கான ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே மோட்டார் வேகமாகப் போகப் போக, அடுத்த ஒரு கிலோமீட்டர் வேகத்தைக் கூட்ட முன்பைவிட அதிக நேரம் பிடிக்கும். இதை எல்லாம் கூட்டிக் கழித்தால் கனமூலம் வந்து நிற்கிறது.

கனமூலம் கஞ்சன். சக்தியை இரண்டு மடங்காக்கினால் 10 வினாடி 5 வினாடியாகாது, 7.9 வினாடிதான். உண்மையிலேயே நேரத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். எக்சோஸ் மாற்றி 3 விழுக்காடு சக்தி கூடியது என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 1 விழுக்காடு, அதாவது 0.1 வினாடி. அதற்குத்தான் சில நூறு ரிங்கிட்.

ஆனால் அதே சூத்திரத்தில் சக்தி கீழே இருந்தால் எடை மேலே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எடையை 3 விழுக்காடு குறைத்தாலும் அதே 0.1 வினாடி கிடைக்கும். மோட்டாரும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், 3 விழுக்காடு என்பது 6 கிலோ. "என்னங்க, ராத்திரி ரொட்டி சானாயைக் கொஞ்சம் நிறுத்தினா எக்சோஸே வாங்க வேண்டாம்போல" என்று ஒரு மனைவி சொன்னால், அதை எதிர்த்து வாதாட இயற்பியலில் இடமில்லை.

கணவன்–மனைவி பந்தயம் அறிவியலுக்கு அருமையான சோதனையாவதும் இங்கேதான். ஒரே மோட்டார், ஒரே எண்ணெய், ஒரே ஓடுதளம், ஒரே நாள்; மாறுவது ஆள் மட்டும். மோட்டார் 120 கிலோ. ஹெல்மெட், உடையோடு கணவன் 80 கிலோ; மனைவி 56 கிலோ. மொத்தம் ஒருவருக்கு 200, மற்றவருக்கு 176. இருவரும் ஒரே திறமையோடு கிளட்ச்சை விடுவதாக வைத்துக்கொண்டால், கணவனின் 10.00 வினாடிக்கு எதிரே மனைவியின் நேரம் 9.58 வினாடி. கோட்டைத் தாண்டும் வேகத்தில் இந்த 0.42 வினாடி 12 மீட்டர் இடைவெளி. இதைக் கணவன் எஞ்சினால் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஏறத்தாழ இரண்டு குதிரைசக்தி கூட்ட வேண்டும். 15 குதிரைசக்தி எஞ்சினில் அது பட்டறைக்குப் போய்க் கணிசமாகச் செலவு செய்தால்தான் நடக்கும்.

இது தாளில் மட்டும் நிற்கும் கணக்கல்ல. அமெரிக்காவின் தொழில்முறை மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயத்தில் பெண்கள் ஆண்களோடு ஒரே பிரிவில்தான் ஓட்டுகிறார்கள். தனிப் பிரிவு கிடையாது. செவிலியராக இருந்த ஆஞ்செல் சாம்பே 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பட்டம் வென்றார். அதே பிரிவில் மேட் ஸ்மித், ஆஞ்சி ஸ்மித் என்று ஒரு தம்பதியர் இருக்கிறார்கள். ஒரே குழு, ஒரே பட்டறை. குலுக்கல் அப்படி அமைந்துவிட்டால் ஒருவரையொருவர் எதிர்த்து ஓட்டவும் வேண்டியதுதான். மேட் ஆறு முறை பட்டம் வென்றவர். ஆஞ்சி 2023-இல் செயின்ட் லூயிஸ் அருகே நடந்த போட்டியில் அதிவேகத்தில் விழுந்து எலும்புகள் முறிந்தும் பிழைத்து, மீண்டும் அதே இருக்கைக்குத் திரும்பியவர். அவர்கள் மோட்டார் 402 மீட்டரை 6.7 வினாடியை ஒட்டிக் கடக்கிறது. முடிவில் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர். நம் காப்சாய் அதில் பாதித் தூரத்துக்கே பத்து வினாடி எடுக்கிறது.

எடை குறைந்தவருக்கு இத்தனை சாதகம் என்றால் அது நியாயமா என்று கேட்கலாம். அங்கே மோட்டாரும் ஆளும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. எடை குறைந்தவர் ஈயக் கட்டியோ வேறு எடையோ ஏற்றிச் சமன் செய்ய வேண்டும். அப்போதும் இலேசான ஆளுக்கு ஒரு மறைமுக லாபம் உண்டு. உடம்பின் எடை இருக்கைக்கு மேலேதான் இருக்கும். அதை நகர்த்த முடியாது. ஈயக் கட்டியை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், கீழேயும் முன்னேயும். ஏன் கீழே, ஏன் முன்னே என்பதுதான் தொடக்க வினாடிகளின் இரகசியம்.

மோட்டார் பாயும்போது பின்சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தரை மோட்டாரை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தரைமட்டத்தில் நடக்கிறது. ஆனால் மோட்டாரும் ஆளும் சேர்ந்த நிறைமையம் தரையிலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. கீழே தள்ளினால் மேலே இருப்பது பின்னோக்கிச் சாயத்தானே செய்யும்? முன்சக்கரம் இலேசாகிறது, பின்சக்கரம் கனக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் முன்சக்கரம் தரையை விட்டுவிடும். அதுதான் வீலி. எல்லை எவ்வளவு என்பதற்கு எஞ்சினைப் பார்க்க வேண்டியதில்லை. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து நிறைமையம் எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதை நிறைமையத்தின் உயரத்தால் வகுத்தால் போதும். 0.60 மீட்டர் முன்னே, 0.70 மீட்டர் உயரே என்றால் 0.86. புவியீர்ப்பு முடுக்கத்தில் 86 விழுக்காட்டுக்கு மேல் அந்த மோட்டாரால் பாய முடியாது. அதற்கு மேல் திருகினால் வானத்தைப் பார்க்கும்.

மாற்றம் செய்யாத 150 சிசி மோட்டார் முதல் கியரில் அந்த அளவில் முக்கால் பங்கைத்தான் தொடும். அதனால் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் ஒழிய முன்சக்கரம் எழாது. எஞ்சினை ஏற்றிவிட்டால் கதை மாறும். அப்போது பந்தயத்தின் முதல் பகுதியைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, மோட்டாரின் வடிவம். டிராக் மோட்டார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன் ஃபோர்க்கைத் தாழ்த்தியிருப்பார்கள், ஸ்விங் ஆர்மை நீட்டியிருப்பார்கள். ஸ்விங் ஆர்ம் 10 சென்டிமீட்டர் நீண்டு, உயரம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அந்த 0.86 என்பது 1.08 ஆகிவிடும். ஒரு குதிரைசக்திகூடக் கூட்டாமல் எல்லையைக் கால் பங்கு தள்ளிவைத்தாயிற்று. ஸ்மித் தம்பதியரின் மோட்டாரில் பின்னால் நீண்டிருக்கும் வீலி பார் என்ற கம்பி இதே வேலையின் அடுத்த படி. அது இல்லாமல் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 1.35 மடங்கு முடுக்கத்தோடு ஒருவர் 402 மீட்டரை முடிக்க முடியாது.

ஆளும் இந்தக் கணக்கில் நகரும் எடைதான். கிளம்பும்போது டாங்கின் பக்கம் உடம்பை முன்னே தள்ளி, முழங்கையை மடித்து, தாடையைத் தாழ்த்திக்கொள்வது அழகுக்காக இல்லை. ஐம்பது கிலோ உடம்பு பத்து சென்டிமீட்டர் முன்னே போனால் மொத்த நிறைமையம் மூன்று சென்டிமீட்டருக்கு அருகே முன்னே நகர்கிறது. உயரம் குறைந்தவருக்கு இது இன்னும் எளிது. உயரமான கணவர்மார்கள் இங்கேயும் தோற்கிறார்கள்.

டயர் விஷயத்தில் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்தய ஆசையுள்ள காப்சாய்களில் சைக்கிள் டயர்போல் மெலிந்த டயரைப் போட்டிருப்பார்கள். கேலி செய்யத் தோன்றும். ஆனால் இதில் அறிவியல் இருக்கிறது. சக்கரம் முன்னேயும் போகிறது, சுழலவும் செய்கிறது. எஞ்சின் இரண்டுக்கும் ஆற்றல் கொடுக்க வேண்டும். விளிம்பிலும் டயரிலும் இருக்கும் ஒரு கிலோ எடை, பாய்ச்சலின்போது ஏறத்தாழ இரண்டு கிலோவாகக் கணக்காகும். ஆகவே சக்கரத்தில் ஒன்றரைக் கிலோவைக் குறைப்பது ஆளில் மூன்று கிலோவைக் குறைப்பதற்குச் சமம். சுத்தமான, வறண்ட, ரப்பர் படிந்த ஓடுதளத்தில் இது புத்திசாலித்தனம். திங்கட்கிழமை அதே டயரில் மழைச் சாலையில் வேலைக்குப் போவது புத்திசாலித்தனத்துக்கு நேர் எதிர். பிரேக் பிடிக்க வேண்டிய ரப்பரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

ஓடுதளத்தில் கிளம்புவதற்கு முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகைவிடுவதும் வேடிக்கைக்காக அல்ல. சூடான ரப்பர் இளகித் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் அமுங்கும். மேற்பரப்பில் ஒட்டியிருந்த தூசியும் தேய்ந்துபோகும். டயர் முழுப்பிடி தருவது சிறிதும் வழுக்காதபோது அல்ல. தரையின் வேகத்தைவிடச் சக்கரம் பத்து முதல் இருபது விழுக்காடு வேகமாகச் சுழலும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் சரசரவென்று குறையும். கிளட்ச் பிடித்திருக்கும் இடது கையின் விரல்கள் அந்த மெல்லிய எல்லையைத் தேடித்தான் பழகுகின்றன.

எக்சோஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. இரவு பதினோரு மணிக்குத் தாமான் முழுவதையும் எழுப்பிவிட்டுப் போகிறதே ஒரு மோட்டார், அந்தச் சத்தத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது? ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபெல் என்று எடுத்துக்கொண்டால், எல்லாத் திசையிலும் பரவும் ஒலியாற்றல் மொத்தம் ஒரு வாட்டுக்குச் சற்று மேல். எஞ்சின் தருவது 11,300 வாட். ஆயிரக்கணக்கான வாட்டில் ஒன்று, அதுவும் வீணாகிற ஒன்று. குழாயின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்தால் கழிவு வாயு வெளியேறுவது எளிதாகிச் சிறிது சக்தி கூடலாம். அது வடிவமைப்பால் வருவது. சத்தம் சக்தியின் அடையாளமல்ல. காது கேட்பதை வைத்துக் கை முறுக்குகிறது, அவ்வளவுதான்.

வானிலைக்கும் பங்குண்டு. எஞ்சின் எரிக்கும் எண்ணெய்க்கு அளவு சொல்வது உள்ளே போகும் ஆக்சிஜன். கிள்ளான் பள்ளத்தாக்கின் கடலோரத்தில் காற்றில் ஈரம் காலையும் மாலையும் ஏறத்தாழ ஒரே அளவுதான், மாறுவது வெப்பம். பின்னிரவு 24 பாகை செல்சியஸோடு மதியம் 34 பாகையை ஒப்பிட்டால், ஒரு சிலிண்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் 3.3 விழுக்காடு குறைகிறது. கனமூலக் கணக்கில் அது 0.11 வினாடி. முன்பு எக்சோஸுக்குக் கொடுத்த பணத்தைவிட, காலையில் சீக்கிரம் வரிசையில் நிற்பது மலிவு. சிப்பாங் பந்தயத் தளமும் தெலுக் பங்லிமா காராங்கும் கடல்மட்டத்தை ஒட்டியவை என்பது ஒரு நல்ல செய்தி. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தமே பத்து விழுக்காடு குறைவு. அந்த ஊரிலிருந்து வந்து தேசியப் பட்டங்களைக் குவித்த ஹேமந்த் முத்தப்பா போன்ற டிராக் ஓட்டுநர்கள் போட்டிக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு இறங்கி வரும்போது, எஞ்சினுக்குக் கூடுதல் மூச்சு இலவசமாகக் கிடைக்கிறது.

காற்று எதிர்ப்பு முதல் நூறு மீட்டரில் பெரிதாகத் தலைகாட்டாது. ஆனால் மணிக்கு 120 கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் காற்றைப் பிளக்க மட்டுமே எட்டு கிலோவாட்டுக்கு மேல் செலவிடுகிறார். எஞ்சின் திறனில் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. குனிந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். தெருவில் பந்தயம் ஓட்டும் ரெம்பிட் பையன்கள் இருக்கையில் குப்புறப் படுத்துக் காலைப் பின்னால் நீட்டும் 'சூப்பர்மேன்' கோலத்துக்குக் காரணம் இதுதான். காற்றியல் சரி. ஆனால் அந்தக் கோலத்தில் கால் பிரேக்கும் கியரும் எட்டாது, முழங்காலால் மோட்டாரை அணைக்க முடியாது. மிச்சமாகும் வினாடியின் பத்தில் ஒரு பங்குக்கு மோட்டாரைக் கட்டுப்படுத்தும் வழி பாதியை விட்டுக்கொடுக்கிறார்கள்.

வேகம் ஒரு பாதி என்றால், கிளம்பும் நேரம் இன்னொரு பாதி. 1963 முதல் டிராக் ஓடுதளங்களில் நிற்கும் விளக்குக் கம்பத்தைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அமெச்சூர் பந்தயத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடிக்கு ஒன்றாக எரிந்து, அடுத்த அரை வினாடியில் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தோற்றீர்கள். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் கிளட்ச்சை விட 0.2 வினாடி. மோட்டார் முன்சக்கரத்தைத் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு நகர்த்த இன்னொரு 0.3 வினாடி. கூட்டினால் அரை வினாடி. ஆகவே தெரிந்தவர்கள் கடைசி மஞ்சள் எரிந்ததுமே கையை விடுகிறார்கள்; சக்கரம் நகரும்போது பச்சை வந்திருக்கும். ஒரு கணம் முந்திவிட்டால் சிவப்பு, ஆட்டம் அவுட்.

ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சையில் தொடங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சக்கரம் கற்றையை விட்டு நகரும்போதுதான் அது ஓடத் தொடங்கும். ஆனால் வெற்றி, கோட்டை முதலில் தாண்டியவருக்கு. கணவன் பச்சைக்குப் பின் 0.30 வினாடி தாமதித்து 9.95-இல் ஓடினார், மனைவி 0.05 தாமதத்தில் கிளம்பி 10.10-இல் ஓடினார். நேரம் அச்சிட்டுத் தரும் சீட்டில் கணவனின் நேரம்தான் குறைவு. ஆனால் கூட்டிப் பாருங்கள்: 10.25-க்கு எதிரே 10.15. மூன்று மீட்டர் இடைவெளியில் மனைவி வென்றுவிட்டார். அன்று இரவு முழுக்க "என் டைம்தான் கம்மி" என்று சீட்டைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

வாசலில் நிற்கும் இரண்டு மோட்டாரும் ஒரே மாதிரி இல்லையென்றால்? மனைவியிடம் பழைய ஹோண்டா இஎக்ஸ்5, கணவனிடம் ஒய்15 என்றால் பந்தயமே இல்லை என்று தோன்றும். அதற்குத்தான் பிராக்கெட் முறை. ஒவ்வொருவரும் தங்கள் மோட்டார் இத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இஎக்ஸ்5-க்கு 12.40, ஒய்15-க்கு 10.10 என்றால், மனைவியின் பச்சை 2.30 வினாடி முன்னதாகவே எரியும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி; ஆகவே பொய் சொல்லவும் முடியாது. இங்கே ஜெயிப்பது வேகம் அல்ல, சொன்னதைச் சொன்னபடி திரும்பத் திரும்பச் செய்கிற கை. அமெச்சூர்களுக்கு இதைவிட நியாயமான விளையாட்டு மோட்டார் உலகில் இல்லை என்பது என் எண்ணம். பணம் கொட்டுபவருக்கு எந்தச் சாதகமும் கிடைக்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்துவதைப் பற்றிப் பேசாவிட்டால் குற்றம். மணிக்கு 105 கிலோமீட்டரில் கோட்டைத் தாண்டியவர், பிரேக்கைத் தொட ஒரு வினாடி எடுத்தால் அதற்குள் 29 மீட்டர் போயிருப்பார். வறண்ட தரையில் நிற்க இன்னும் 70 மீட்டர்; மழையில் 105. விழுந்தால், தரையில் ஐந்து வினாடி வரை தேய்ந்துகொண்டே போக வேண்டும். ஜீன்ஸ் துணி அந்த உராய்வில் ஒரு வினாடிகூடத் தாங்காது, நல்ல தோல் உடை தாங்கும். எதிலாவது மோதினால் அது பதினான்காவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். ஓடுதளத்தில் பந்தயத் தூரத்தைவிட நிறுத்தும் தூரத்தை நீளமாக விட்டிருப்பது இதனால்தான். புலாவ் இண்டா துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளும் செம்பனை லோரிகளும் திரும்பும் நம் சாலைகளில் 201 மீட்டர் நேர்க்கோடு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அதற்கு அப்பால் வேண்டிய வெற்று இடம் எங்கேயும் கிடைக்காது. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இருசக்கர மோட்டாரில் போனவர்கள்.

இடம் இல்லை என்ற சாக்குக்கும் வரலாறு இடம் தரவில்லை. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தை வைத்துக்கொண்டே 1953-இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல பத்தாண்டு பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் கண்டது. நமக்குக் கிள்ளானுக்குப் பக்கத்திலேயே பத்து தீகா தளம் இருந்தது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கே நடந்தது; இன்று அந்த இடத்தில் வீடுகள். 1999-இல் திறந்த சிப்பாங் தளம் இருக்கிறது. டிராக் நாட்களும் அங்கே நடக்கின்றன.

ஆகவே மோட்டார் ஆசையுள்ள தம்பதியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த எக்சோஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் முழுமுக ஹெல்மெட், தோல் உடை, கையுறை வாங்குங்கள். ஒரு டிராக் நாளுக்குப் பெயர் கொடுத்து, காலை வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். ஒரே மோட்டாரில் இருவரும் மாறி மாறி ஓட்டி, ஒவ்வொரு சீட்டிலும் 60 அடி நேரத்தை மட்டும் முதலில் பாருங்கள். அந்த எண் குறையும் வரை பட்டறைப் பக்கம் போக வேண்டாம்.